கால் சூம்பியது எதனால்? போலியோ நம் நரம்பையும் சதையையும் என்ன செய்கிறது?



நம் கூட்டமைப்பின் பல குழுக்களில் போலியோவால் கால் பாதித்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். போலியோ என்று நாம் சொல்வதும், இளம்பிள்ளை வாதம் என்று பெரியவர்கள் சொல்வதும் ஒரே நோய்தான். இந்தச் சகோதரிகளில் பெரும்பாலோர் இன்று முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து கால் விழுந்தது. அதன் பிறகு தட்டுத் தடுமாறி எழுந்து நடக்கப் பழகினார்கள். இன்று ஆடு மாடு வளர்க்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், குழுவில் கணக்கு எழுதுகிறார்கள், வங்கிக்கும் போய் வருகிறார்கள்.

களப்பணிக்குப் போகும்போது இவர்களிடமிருந்து ஒரே மாதிரியான பேச்சை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். "முன்னாடி நல்லாத்தான் நடந்துக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு வருஷமா முடியல. நல்லா இருந்த காலும் வலிக்குது. சாயங்காலம் ஆனா அடுப்படியில நிக்க முடியல. வீட்டுல சொன்னா, வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்றேன்னு பேசுறாங்க."

சகோதரிகளே, இது சாக்கு அல்ல. சோம்பலும் அல்ல. இதற்கு உடம்புக்குள்ளே காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் புரிய வேண்டுமென்றால், போலியோ முதலில் உடம்பில் எந்த இடத்தைத் தாக்கியது என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவர் மட்டுமல்ல, அவருடைய மாமியார், கணவர், குழுத் தலைவி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

கட்டளை போகும் பாதை

கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வரும் இடம் ஒன்று. ஸ்டார்ட்டர் பெட்டி ஒன்று. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயர் ஒன்று. கடைசியில் மோட்டார். இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் தண்ணீர் ஏறும்.

நம் உடம்பிலும் இப்படித்தான். "காலைத் தூக்கு" என்ற கட்டளை மூளையில் பிறக்கிறது. மூளையிலிருந்து முதுகெலும்புக்குள்ளே கயிறு மாதிரி இறங்குவது தண்டுவடம். அந்தத் தண்டுவடத்தின் முன்பக்கத்தில், கட்டளையை வாங்கிச் சதைக்கு அனுப்பும் நரம்புச் செல்கள் வரிசையாக இருக்கின்றன. இவைதான் ஸ்டார்ட்டர் பெட்டி. ஒவ்வொரு செல்லிலிருந்தும் முடியைவிட மெல்லிய இழை ஒன்று கிளம்பி, கைக்கோ காலுக்கோ போய்ச் சதையைத் தொடுகிறது. அதுதான் வயர். சதைதான் மோட்டார்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நாம் "நரம்பு" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். உண்மையான நரம்பு சதைக்குள்ளே வெள்ளை நூல் மாதிரி ஓடுவது. வெளியே தெரியாது. அதற்குள் இரத்தம் ஓடாது, செய்திதான் ஓடும்.

அந்தச் செய்தியும் இரண்டு வகை. மூளையிலிருந்து சதைக்குப் போகும் கட்டளை ஒரு வகை. சூடு, குளிர், வலி, தொடுதல் ஆகியவை தோலிலிருந்து மூளைக்குப் போவது இன்னொரு வகை. கட்டளைக்கு ஒரு செல், உணர்ச்சிக்கு வேறு செல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போலியோவை மற்ற நோய்களிலிருந்து பிரித்துப் பார்க்க இது உதவும்.

கிருமி எப்படி உள்ளே போகிறது?

போலியோ ஒரு வைரஸ் கிருமியால் வருவது. இந்த வைரஸில் மூன்று வகை உண்டு. கிருமி பாதித்தவரின் மலத்தின் வழியாக வெளியேறுகிறது. திறந்த வெளியில் கிடக்கும் மலம், கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், ஈ மொய்த்த பண்டம் வழியாக இன்னொரு குழந்தையின் வாய்க்குள் போகிறது. தொண்டையிலும் குடலிலும் பெருகுகிறது. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் பிடிக்கிறது.

கிருமி உள்ளே போன எல்லாக் குழந்தைக்கும் கால் விழுவதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவுமே தெரியாது. சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, வாந்தி, தலைவலி வந்து சில நாளில் போய்விடும். ஏறத்தாழ 200 குழந்தைகளுக்குள் கிருமி புகுந்தால் ஒரு குழந்தைக்குத்தான் நிரந்தரமாகக் கை கால் செயலிழக்கிறது.

இதைக் கேட்டதும் "இருநூறில் ஒண்ணுதானே" என்று நினைக்க வேண்டாம். மாற்றிப் பாருங்கள். ஊரில் ஒரு குழந்தைக்குக் கால் விழுந்தது என்றால், சுமார் இருநூறு பிள்ளைகளுக்குள் கிருமி ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். ஓடி விளையாடும் அந்தப் பிள்ளைகள் பல வாரங்களுக்கு மலத்தின் வழியாகக் கிருமியைப் பரப்பிக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாமல் பரவுவதால்தான் போலியோவை ஒழிக்க அத்தனை பாடுபட வேண்டியிருந்தது.

தண்டுவடத்தில் நடப்பது என்ன?

குடலில் பெருகிய கிருமி இரத்தத்தில் கலக்கிறது. அங்கேயே உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை அழித்துவிட்டால் பிரச்சினை இல்லை. தப்பித்துத் தண்டுவடத்துக்குப் போய்விட்டால்தான் ஆபத்து. கிருமி அங்கே கட்டளை அனுப்பும் செல்களைத் தேடிப் பிடித்து உள்ளே புகுகிறது. செல்லுக்குள் பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த செல்லுக்குப் போகிறது.

பக்கத்திலேயே இருக்கும் உணர்ச்சிச் செல்களை அது அழிப்பதில்லை. அதனால்தான் போலியோவால் விழுந்த காலில் எறும்பு கடித்தாலும் தெரியும், சுடுதண்ணீர் பட்டாலும் தெரியும். காலுக்கு எல்லாம் தெரிகிறது, ஆனால் அசைக்க முடிவதில்லை.

காய்ச்சலோடு தசை வலியும் கழுத்து விறைப்பும் வரும். பிறகு இரண்டு மூன்று நாளில் கை கால் தளர்ந்துவிடும். ராத்திரி நன்றாகப் படுத்த குழந்தை காலையில் எழுந்து நிற்க முடியாமல் துவண்டு விழுந்தது என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு பொதுவாக நோய் மேலே பரவுவதில்லை. அதற்குள் எத்தனை செல் செத்ததோ அதுதான் கணக்கு.

செத்த செல்கள் ஒரே சீராக இருப்பதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திட்டுத் திட்டாக இருக்கும். அதனால்தான் ஒருவருக்கு ஒரு கால் மட்டும், இன்னொருவருக்கு இரண்டு கால், வேறொருவருக்கு ஒரு கை என்று பாதிப்பு மாறுகிறது. கைகளைவிடக் கால்கள்தான் அதிகம் பாதிக்கப்படுகின்றன. மூச்சு விடும் சதைகளுக்கான செல்களையும் கிருமி தாக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. கை கால் விழுந்த குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இப்படி இறந்துபோனார்கள்.

சதை ஏன் சூம்புகிறது?

மோட்டார் நல்ல மோட்டார்தான். பெட்டி எரிந்து, வயர் செத்துவிட்டது. காலில் நடந்தது இதுதான். காலில் உள்ள சதையைக் கிருமி தொடவே இல்லை. ஆனால் கட்டளை வராத சதை சும்மா கிடக்கிறது. சதைக்கு வேலைதான் உயிர். நரம்புத் தொடர்பு அறுந்த சதை நாளாக ஆக மெலிந்து, சுருங்கி, கொழுப்பும் நாருமாக மாறிவிடுகிறது. நாம் "கால் சூம்பிப் போச்சு" என்று சொல்வது இதைத்தான்.

இதைத் தொடர்ந்து வேறு சில விளைவுகளும் வருகின்றன.

கால் குட்டையாவது: வளரும் பிள்ளையின் எலும்பு, சதை இழுக்க இழுக்கத்தான் நன்றாக வளரும். இழுக்கச் சதை இல்லாத காலின் எலும்பு மெல்லியதாகவும் குட்டையாகவும் நின்றுவிடுகிறது.

பாதம் வளைவது: மூட்டின் இரண்டு பக்கமும் சதை இருக்கிறது. ஒரு பக்கச் சதை செத்து மறுபக்கம் பலமாக இருந்தால், பலமான பக்கமே இழுத்துக்கொண்டு போகும். இதனால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடப்பதும், முழங்கால் நீட்ட வராமல் மடங்கியே நிற்பதும், முதுகு ஒரு பக்கம் வளைவதும் ஏற்படுகின்றன.

தொடையில் கை ஊன்றி நடப்பது: இப்படி நடப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். முழங்காலை நிமிர்த்திப் பிடிப்பது தொடையின் முன்பக்கச் சதை. அது பலமிழந்தால், உடம்பின் பாரம் விழுந்ததும் முழங்கால் மடங்கிவிடும். அதனால் கையால் தொடையைப் பின்னால் தள்ளி முழங்காலைப் பூட்டிக்கொள்கிறார்கள். சதை செய்ய வேண்டிய வேலையைக் கை செய்கிறது. காலிப்பர் போட்டால் அந்தப் பூட்டு வேலையை இரும்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும், கைக்கு ஓய்வு கிடைக்கும்.

கால் ஜில்லென்று இருப்பது: சதை சுருங்கி விரியும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அந்த வேலை நடக்காத காலில் இரத்த ஓட்டம் மந்தமாகும். மார்கழிக் குளிரில் அந்தக் கால் மட்டும் நீலம் பூத்து விறைத்துப் போவது இதனால்தான்.

விழுந்த கால் எப்படித் திரும்ப எழுந்தது?

"முதல்ல ரெண்டு காலும் விழுந்துச்சு. ஆறு மாசத்துல ஒரு கால் நல்லாயிடுச்சு. சாமி புண்ணியம்" என்று சொல்லும் அம்மாக்கள் உண்டு. உடம்புக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

கிருமி தாக்கிய எல்லாச் செல்லும் சாவதில்லை. சில செல்கள் நோய்ப்பட்டுக் கிடந்து மெல்ல எழுந்துவிடும். இது ஒன்று.

இன்னொன்று இதைவிட ஆச்சரியமானது. இதை நம் குழுவையே வைத்துப் புரிந்துகொள்ளலாம். பத்துப் பேர் உள்ள குழுவில் ஆறு பேர் ஒரே நாளில் விலகிவிட்டார்கள். வங்கிக் கடன் அப்படியே நிற்கிறது. மீதி நாலு பேர் என்ன செய்வார்கள்? விலகியவர்களின் தவணையையும் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு குழுவைக் காப்பாற்றுவார்கள்.

தண்டுவடத்திலும் இதேதான் நடந்தது. தொடை போன்ற பெரிய சதையில் ஒரு நரம்புச் செல் நூற்றுக்கணக்கான சதை நார்களைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்துச் செல் செத்துப்போனதும் அதன் கீழிருந்த நார்கள் அனாதையாகிவிடும். உயிரோடு உள்ள செல் தன் இழையின் நுனியிலிருந்து புதுக் கிளைகளை விட்டு, அந்த அனாதை நார்களையும் சேர்த்துக்கொள்ளும். இப்படித் தன் பங்கைப் போலப் பல மடங்கு சுமையை ஒரே செல் ஏற்றுக்கொள்வதும் உண்டு. பெரும்பாலான பலம் முதல் ஆறு மாதத்தில் திரும்புகிறது. ஒன்றிரண்டு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் இருக்கும்.

அந்தக் காலத்தில் கையைக் காலை மெல்ல நீட்டி மடக்கிவிடும் பயிற்சியும், பாதத்தை நேராக வைத்துப் படுக்க வைப்பதும் மிக முக்கியம். செத்த செல்லை அது உயிர்ப்பிக்காது. ஆனால் மூட்டு இறுகிப் போகாமல் காப்பாற்றும்.

"நல்லாயிடுச்சு" என்று சொன்ன காலும் முழுக்க நல்ல கால் அல்ல என்பதை இங்கே கவனியுங்கள். அதிலும் செல்கள் செத்திருக்கலாம். மீதிச் செல்கள் இரட்டை வேலை பார்ப்பதால் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

முப்பது வருடம் கழித்து என்ன ஆகிறது?

நாலு பேர் பத்துப் பேரின் தவணையை எத்தனை வருடம் கட்ட முடியும்? ஒரு நாள் அவர்களும் சோர்ந்துபோவார்கள். அதிகச் சுமை தாங்கிய நரம்புச் செல்களும் அப்படித்தான். வருடக்கணக்கில் உழைத்த பிறகு, தாங்கள் விட்ட கூடுதல் கிளைகளைக் காப்பாற்ற முடியாமல் ஒவ்வொன்றாக இழக்கின்றன. சதை மறுபடியும் பலமிழக்கிறது.

போலியோ வந்து பொதுவாக 15 முதல் 40 வருடம் கழித்து இது தலைகாட்டுகிறது. மருத்துவர்கள் இதைப் போஸ்ட் போலியோ சின்ட்ரோம் என்கிறார்கள். போலியோவிலிருந்து பிழைத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 40 பேருக்கு இது வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அறிகுறிகள் இவை:

• பழைய காலிலோ, நல்ல கால் என்று நினைத்த காலிலோ புதிதாகப் பலவீனம்
• சின்ன வேலைக்கே அசதி, அதுவும் மதியத்துக்கு மேல் அதிகம்
• சதை வலி, மூட்டு வலி, சதைத் துடிப்பு
• சதை மேலும் மெலிவது
• குளிர் தாங்க முடியாமை
• சிலருக்கு மூச்சு வாங்குதல், விழுங்கச் சிரமம், தூக்கக் குறைவு

இது பழைய கிருமி மறுபடி வந்தது அல்ல. யாருக்கும் ஒட்டாது. பொதுவாக மெதுவாகத்தான் முன்னேறும். ஆனால் இரத்தச் சோகை, தைராய்டு, சர்க்கரை, முதுகுத் தட்டு விலகல் இவற்றாலும் இதே அசதி வரும். எனவே நாமே முடிவு கட்டக் கூடாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாதிக்கப்பட்ட சகோதரி என்ன செய்யலாம்?

"நடக்க நடக்கத்தான் கால் நல்லாகும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். சின்ன வயதில் அது சரி. இந்த வயதில், ஏற்கெனவே சோர்ந்த செல்லை மேலும் விரட்டினால் இருக்கும் பலமும் போகும். அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. வேலை செய்யாத சதையும் மெலியும். அளவுதான் முக்கியம். அந்த அளவைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்று செய்த வேலையின் வலியும் அசதியும் நாளைக் காலையிலும் இருந்தால், இன்று செய்தது அதிகம்.

• வேலையைப் பிரித்துச் செய்யுங்கள். துவைக்கிற நாளில் தண்ணீர் தூக்க வேண்டாம். நடுநடுவே உட்காருங்கள்.
• காய் நறுக்குவது, மாவு பிசைவது, சமைப்பது எல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்து செய்ய ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.
• உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிலோவும் அந்தச் சில செல்களின் தலையில்தான் ஏறும்.
• பழைய காலிப்பர், ஊன்றுகோல் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊன்றுகோல் பிடிப்பது கௌரவக் குறைச்சல் அல்ல. விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைவிட அது மேல்.
• குளிர் காலத்தில் காலுக்குக் காலுறை போடுங்கள்.
• அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தால், "எனக்குச் சின்ன வயசுல போலியோ வந்துச்சு" என்று மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.
• மூச்சுத் திணறல், விழுங்கும்போது புரையேறுதல் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

குழுக்களில் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

அம்மாவுக்குப் போலியோ இருந்தால் பிள்ளைக்கு வருமா?

வராது. இது பரம்பரை நோய் அல்ல. கிருமியால் வந்தது, அதோடு முடிந்தது. கர்ப்பமானால் இடுப்பு எலும்பு, முதுகு வளைவு ஆகியவற்றைப் பார்ப்பதற்காகத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான்.

போலியோ வந்தவருக்கு அறிவு மந்தமாக இருக்குமா?

இருக்காது. போலியோ தாக்கியது தண்டுவடத்தில் உள்ள கட்டளைச் செல்களை. படிப்பு, நினைவு, பேச்சு இவற்றைப் பார்க்கும் பகுதியை அல்ல. பிறக்கும்போதே மூளை பாதித்து வரும் மூளை முடக்குவாதம் வேறு. அதில் பெரும்பாலும் கை கால் விறைப்பாக இருக்கும். போலியோவில் துவண்டு தொளதொளவென்று இருக்கும்.

எண்ணெய் தேய்த்து உருவினால் கால் சரியாகுமா?

இதமாகத் தேய்த்தால் சுகமாக இருக்கும், தவறில்லை. ஆனால் பிரச்சினை காலில் இல்லை, தண்டுவடத்தில் இருக்கிறது. செத்த நரம்புச் செல்லை எந்த எண்ணெயும், எந்த மாத்திரையும் திரும்பக் கொண்டுவராது. "போலியோவைக் குணப்படுத்துகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம். குழுக் கடன் வாங்கி இதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

ஊசி போட்டதால்தான் கால் போச்சு என்கிறார்களே?

இதில் ஓரளவு உண்மை உண்டு. போலியோக் கிருமி உள்ளே இருக்கும் சமயத்தில், சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்துக் காலிலோ இடுப்பிலோ ஊசி போட்டால், ஊசி போட்ட காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். வாதத்தை உண்டாக்குவது கிருமிதான், ஊசி அதற்கு வழி காட்டிவிடுகிறது. எனவே காய்ச்சல் என்றதும் "ஒரு ஊசி போடுங்க" என்று நாமே வற்புறுத்தக் கூடாது. தடுப்பூசியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. அது கிருமி வருவதற்கு முன்பே காப்பாற்றுவது.

நம் குழந்தைகளுக்கு

செத்த செல்லுக்கு மருந்து இல்லை என்பதால், செல்லைக் கிருமி தொடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் போன்றவர்கள், குறிப்பிட்ட நாட்களில் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை 1980-களிலேயே வேலூரில் செய்து பார்த்தார்கள். 1995 டிசம்பரில் நாடு முழுவதும் பல்ஸ் போலியோ முகாம் தொடங்கியது. 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. 2010-ல் அது 42. 2011-ல் ஒன்றே ஒன்று, மேற்கு வங்கத்தில், ஜனவரி 13-ம் தேதி. இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ் இந்தியாவில் பாதித்த கடைசிக் குழந்தை அதுதான். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ இல்லை என்ற சான்று வழங்கியது. வீடு வீடாகப் போன சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், நம்மைப் போன்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் இது.

"அப்படியென்றால் இனி எதற்கு மருந்து?" என்று கேட்கலாம். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்த வைரஸ் இன்னும் ஓயவில்லை. கிருமிக்கு எல்லை கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. சொட்டு மருந்தில் இருப்பது பலமிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். பல குழந்தைகள் மருந்து எடுக்காத இடத்தில் அது பிள்ளைக்குப் பிள்ளை நீண்ட காலம் பரவினால், மாறிப் பலம் பெற்றுவிடக்கூடும். இது மிகவும் அபூர்வம். 2024-ல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு, தடுப்பு மருந்திலிருந்து மாறிய வைரஸால் பாதிப்பு வந்தது. இதற்கும் தீர்வு, ஒரு குழந்தை விடாமல் எல்லோருக்கும் மருந்து கொடுப்பதுதான்.

இப்போதைய அரசு அட்டவணை இது:

• சொட்டு மருந்து: பிறந்தவுடன், பிறகு 6, 10, 14-வது வாரங்களில், அடுத்து 16 முதல் 24 மாதத்துக்குள்
• போலியோ தடுப்பூசி: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம்

இரண்டும் எதற்கு? சொட்டு மருந்து குடலிலேயே கிருமியைத் தடுக்கிறது, அதனால் மற்றவருக்குப் பரவுவது குறைகிறது. ஊசி இரத்தத்தில் காவல் நிற்கிறது, கிருமி தண்டுவடத்துக்குப் போகும் வழியை மறிக்கிறது. ஒன்று போட்டால் இன்னொன்று வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அரசு முகாம் அறிவித்தால், முன்பு எத்தனை தடவை கொடுத்திருந்தாலும் அன்றைக்கும் கொடுங்கள்.

15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது கையோ காலோ திடீரென்று தளர்ந்தால், "சுளுக்கு" என்று உருவிவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 14 நாட்களுக்குள், ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை மலம் எடுத்துப் பரிசோதிப்பார்கள். போலியோ இல்லை என்று உறுதி செய்யத்தான் அது. வேறு நோயாக இருந்தாலும் சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவோம்

சட்டம் நமக்குப் பக்கபலமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன்படி, 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று பெற்றவர்களுக்கு வறுமை ஒழிப்புத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை என்று சட்டமே சொல்கிறது. இதைக் கேட்டுப் பெறுவது பிச்சை அல்ல, உரிமை. முன்பு குறைந்த சதவீதம் போட்டுச் சான்று வாங்கியவருக்கு இப்போது பலவீனம் கூடியிருந்தால், மறு மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

குழுவாக நாம் செய்யக்கூடியவை சில:

1. நம் குழுவில் போலியோ பாதித்த உறுப்பினர் இருந்தால், புதிதாக ஏதாவது சிரமம் உண்டா என்று கேட்போம். அவர் சொல்வதைப் பாதியில் வெட்டாமல் கேட்போம்.
2. கூட்டம் நடக்கும் இடம் படி ஏறாத இடமாக, உட்கார நாற்காலி உள்ள இடமாக இருக்கட்டும். நடக்க முடியாமல் தாமதமாக வந்தவருக்கு அபராதம் போட வேண்டாம்.
3. அடையாள அட்டை இல்லாதவரை முகாமுக்கு அழைத்துப் போக ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்வோம்.
4. மூன்று சக்கர வண்டி, பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர், உட்கார்ந்து செய்யும் தொழில் ஆகியவற்றுக்குக் கடன் கேட்டால் முன்னுரிமை கொடுப்போம்.
5. உறுப்பினர் வீடுகளில் உள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, விட்டுப்போனதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டத்துக்குள் போட வைப்போம்.

இந்தக் கட்டுரையை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒரு தடவை சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, "முடியல" என்று சொல்லும் அந்தச் சகோதரியின் வீட்டில் படிக்கட்டும். நாற்பது வருடமாகப் பத்து செல்லின் வேலையை நாலு செல்லை வைத்துப் பார்த்தவர் அவர். சாயங்காலம் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த வேலையை வீட்டில் இன்னொருவர் பார்க்கட்டும்.